மலைக்குக் காது வைத்த கதை

மூணாறு போய் வந்தவர்கள் வீட்டு ஆல்பத்தில் கட்டாயம் ஒரு படம் இருக்கும். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி தேயிலைச் சரிவு, பின்னால் மேகம், கீழே பள்ளத்தில் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி வரிசையாக வீடுகள். லீவுக்கு ஊருக்குக் கூட்டிப் போகும் நம் பிள்ளைகள் "சோ க்யூட்" என்று அதைத்தான் முதலில் படம் எடுக்கும். அந்த வரிசை வீடுகளுக்குப் பெயர் லயம். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மாட்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் மலையேறியவர்களின் பேரன் பேத்திகள்.

"மனிதரை மையமாக வைத்த தொழில்நுட்பம்" என்று இப்போது எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரு துறையோ ஆய்வுக்கூடமோ இருக்கிறது. பெரும்பாலும் செல்போன் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்கிற மாதிரி ஆராய்ச்சி என்று நினைத்துக்கொள்வோம். நான் சொல்ல வருவது வேறு. லயத்துக்கும், அதன் தலைக்கு மேலே நிற்கும் மலைக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழகம் புகுந்து மலை பேசுவதை ஒட்டுக் கேட்ட கதை. கேட்டதை லயத்துக் கதவு வரை கொண்டு சேர்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருவோம்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்கிற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காபி, சிங்கோனா என்று என்னென்னவோ போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை நின்றது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. கங்காணிகள் கீழ்நாட்டில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். போடி, குரங்கணி வழியாக அந்த ஆட்கள் நடந்தே மேலே ஏறினார்கள்.

தொழில்நுட்பம் யாருக்காக வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில். அதுதான் குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்கு ரோப்வே. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், அப்புறம் கப்பல். தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு சொகுசாகக் கீழே போகும். அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அதே மலையை நடந்து ஏறுவார்கள். அந்தக் காலத்து வடிவமைப்பின் மையம் எது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை :-)

1924 ஜூலையில் பெரிய மழை. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் 'தொண்ணூற்று ஒன்பதின் வெள்ளம்' என்பார்கள். அந்த மழையில் குண்டளை ரயில் அடியோடு போனது. ஆலுவாயிலிருந்து பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய ரோடும் மலை சரிந்து போனது. ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. இந்த வெள்ளத்தைப் பற்றிப் படிக்கத் தேடினால் ரயில் போனது, பாலம் போனது, ரோடு போனது என்று நிறையக் கிடைக்கிறது. எத்தனை லயம் போனது என்பது அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

ஏன் லயத்தைப் பள்ளத்தில் கட்டினார்கள்? நல்ல வெயில் படும் சரிவெல்லாம் தேயிலைக்கு. பங்களாவுக்குக் காட்சி தெரியும் மேடு. மீதி இருந்தது ஓடைக்கரையும் சரிவின் அடியும். தண்ணீர் கிட்டே, வேலைக்காடு கிட்டே, காற்றும் அதிகம் அடிக்காது. ஒரு மேனேஜர் பார்வையில் அது நல்ல இடம்தான். ஆனால் மழைக்காலத்தில் மலை எந்த வழியாக இறங்கி வருமோ, அதே வழியில்தான் அந்த ஓடையும் ஓடுகிறது. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது தோட்டக்காரர் வீடு கட்டித் தரவேண்டும் என்று ஆனது. பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. ரிட்டயர் ஆனால் காலி பண்ண வேண்டும். வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் கூரை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

*

2005 ஜூலை கடைசி வாரம். மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊரே மூழ்கியது ஞாபகம் இருக்கும். அதே வாரத்தில் மூணாறு டவுனை ஒட்டியிருக்கும் அந்தோணியார் காலனியில் மலை சரிந்தது. மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று இரண்டு சரிவு. உயிர்கள் போயின. அந்த மலையில் அதற்குப் பல வருடம் முன்பும் ஒரு சரிவு நடந்திருந்தது.

இங்கேதான் பல்கலைக்கழகம் வருகிறது. அமிர்தா விஸ்வ வித்யாபீடத்தின் தலைமையகம் எட்டிமடையில் இருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகும் வழியில், வாளையாறு எல்லைக்குச் சற்று முன்னால். இந்த ஆராய்ச்சியை நடத்தியது கொல்லம் மாவட்டத்தில் அமிர்தபுரி வளாகத்தில் இருந்த வயர்லெஸ் ஆய்வுக் குழு. தலைமை தாங்கியவர் மனீஷா சுதீர். ஆய்வுக் கட்டுரைகளில் மனீஷா வி. ரமேஷ் என்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2006-ல் தொடங்கிய வின்சாக் என்கிற திட்டத்தில் இவர்களும் ஒரு பங்காளி. ஆபத்து வரும் இடங்களில் வயர்லெஸ் சென்சார்களை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் அந்தத் திட்டம். இவர்கள் அந்தோணியார் காலனி மலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மலை ஏன் சரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியில் கெட்டிப் பாறை. மேலே பல மீட்டருக்கு மக்கிய மண். வெயில் காலத்தில் மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தொடர்ந்து மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, பாறையைத் தாண்டிப் போக முடியாமல் தேங்கும். தேங்கும் தண்ணீர் துகள்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கித் தள்ளும். இந்த நீர் அழுத்தம் ஏற ஏறப் பிடிமானம் குறையும். ஒரு கட்டத்தில் மலையின் எடையை மலையாலேயே தாங்க முடியாது. மேலே நின்று பார்ப்பவருக்குக் கடைசி நிமிடம் வரை ஒன்றும் தெரியாது, தேயிலைச் செடி பாட்டுக்குப் பச்சையாக நிற்கும்.

அதனால் அவர்கள் மலையில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். ஆழமான குழாய் இருபது மீட்டரையும் தாண்டியது. ஒவ்வொரு குழாயிலும் வெவ்வேறு ஆழத்தில் சென்சார்கள்: மண்ணின் ஈரம் பார்க்க ஒன்று, நீர் அழுத்தம் பார்க்க ஒன்று, குழாய் வளைகிறதா என்று பார்க்க ஒன்று, சாய்கிறதா என்று பார்க்க ஒன்று, அதிர்வு கேட்க ஒன்று. வெளியே மழைமானி. 2008-ல் சின்ன அளவில் தொடங்கி, 2009-க்குள் சுமார் 20 வயர்லெஸ் முனைகளும் 50 சென்சார்களும் நின்றன. தகவல் மலையிலிருந்து வைஃபை வழியாக அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு அறைக்கு வரும். அங்கிருந்து சாட்டிலைட் வழியாக 300 கிலோமீட்டர் தாண்டி அமிர்தபுரிக்குப் போகும்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். துளை போடும் இயந்திரத்தை அந்தச் சரிவில் ஏற்ற வேண்டும். மின்சாரம் கிடையாது, சூரிய ஒளித் தகடுதான். ஆனால் மலை சரியும் காலம் எது? வாரக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத காலம். தகவல் எப்போது அதிகம் வேண்டுமோ அப்போதுதான் கரண்ட் குறைவு. இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மலை அமைதியாக இருக்கும்போது சென்சார்கள் தூங்கும், எப்போதாவது விழித்து ஒரு அளவு எடுத்து அனுப்பும். மழை கூடி மண் ஈரம் ஏறினால் அடிக்கடி விழிக்கும். நீர் அழுத்தம் ஏறினால் இன்னும் அடிக்கடி. காய்ச்சல் பிள்ளை பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா மாதிரி! கூடவே இடி மின்னல். மூணாறு மின்னலில் கருவிகள் கருகிப் போவதும் நடந்தது.

எச்சரிக்கையையும் மூன்று படியாக வைத்தார்கள். மழையும் ஈரமும் வரம்பைத் தாண்டினால் முதல் படி. நீர் அழுத்தம் தாண்டினால் இரண்டாவது. மண்ணே அசைய ஆரம்பித்தால் மூன்றாவது, அதாவது ஓடு.

2009 ஜூலை மழையில் நீர் அழுத்தம் ஏறியது. நிஜமாகவே எச்சரிக்கை விட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், டிவியில் செய்தி வந்தது, அங்கே இருப்பவர்களை விலகியிருக்கச் சொன்னார்கள். சில நாளில் மழை குறைந்தது, அழுத்தம் இறங்கியது.

மலை சரியவில்லை.

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான். பொறியியல் பார்வையில் அது வெற்றி. கருவி வேலை செய்தது, அழுத்தம் ஏறியதைப் பிடித்தது, இறங்கியதையும் பிடித்தது. ஆனால் காலனியில் இருப்பவர் இடத்திலிருந்து பாருங்கள். ஓடச் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தடவை சொன்னால்? அதற்கும் அடுத்த தடவை?

நான் பிழைப்புக்குச் செய்யும் சாஃப்ட்வேர் வேலையிலும் அலர்ட் உண்டு. சர்வர் மூச்சு வாங்கினால் ராத்திரி 3 மணிக்குப் போன் அலறும். பத்து தடவை வீணாக அலறினால் பதினோராவது தடவை கை தானாகப் போய் அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுக்கும். டொராண்டோவில் 2018-லிருந்து அரசாங்கமே எல்லார் செல்போனிலும் ஆபத்து அறிவிப்பு அனுப்புகிறது. குழந்தை காணாமல் போன செய்திக்கே "தூக்கம் கெட்டுப் போச்சு" என்று போலீசுக்குப் போன் செய்து புகார் சொன்ன கனவான்கள் உண்டு. சம்பளம், வீடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கிற ஊரிலேயே கதை இப்படி. அன்றாடக் கூலிக்குக் கொழுந்து பறிப்பவரிடம் "இன்றைக்கு வீட்டை விட்டுப் போங்கள்" என்று சொல்வது எவ்வளவு பெரிய கேள்வி! போனால் எங்கே போவது? கோழி, ஆடு என்ன ஆகும்? இன்றைய மஸ்டரில் பேர் விழாவிட்டால் கூலி யார் தருவார்கள்?

*

இந்த மாதிரிக் கேள்விகளை வடிவமைப்பின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து வந்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது. 1970-களில் நார்வேயில் கிறிஸ்டன் நைகார்ட் என்கிற கணினி மேதை இரும்புத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, தொழிற்சாலைக்குள் வரப்போகும் கணினியைப் பற்றித் தொழிலாளிகளே ஆராய்ந்து சொல்ல வைத்தார். 1976-ல் இங்கிலாந்தில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள், ஆயுதத்துக்குப் பதிலாக நாங்கள் என்னென்ன செய்ய முடியும் என்று ஏறக்குறைய 150 பொருட்களோடு ஒரு திட்டமே போட்டார்கள். அதில் முன்நின்ற மைக் கூலி என்கிற எஞ்சினியர்தான் மனித மையத் தொழில்நுட்பம் என்கிற பேச்சுக்கு ஒரு மூலவர். 1981-ல் ஸ்வீடனில் அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்த உட்டோப்பியா திட்டத்தில், இன்னும் வராத இயந்திரங்களுக்கு வெறும் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு "இப்படி இருந்தால் உன் வேலை எப்படி இருக்கும்" என்று தொழிலாளியையே நடித்துக் காட்டச் சொன்னார்கள். அட்டைப் பெட்டிக்கு என்ன செலவு? கேட்கிற மனசுதான் வேண்டும்.

மலைச்சரிவிலேயே இன்னொரு உதாரணம் ஹாங்காங். 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரண்டு சரிவு. சாவ் மாவ் பிங்கில் ஏழைகள் குடியிருப்பில் 71 பேர், போ ஷான் ரோட்டில் வசதியானவர்கள் அடுக்குமாடியில் 67 பேர். 1977-ல் மலைச்சரிவுகளைக் கவனிக்கவென்றே ஒரு அரசு அலுவலகம் திறந்து, மழைமானிகளை வைத்து எச்சரிக்கை விடத் தொடங்கினார்கள். கூடவே ஒவ்வொரு சரிவாகப் போய்ப் பலப்படுத்தவும் செய்தார்கள். இரண்டு வகை மனிதர்களும் ஒரே நாளில் செத்ததால்தான் வேலை இவ்வளவு ஒழுங்காக நடந்ததோ என்று எனக்கு ஒரு கெட்ட சந்தேகம் உண்டு.

நம் பக்கம் அப்படி ஒரு தனி அலுவலகம் வரவில்லை. அந்தோணியார் காலனிக்கு 2011-லும் எச்சரிக்கை போனது. 2018 ஆகஸ்ட் பெருமழையிலும் அந்தக் கருவிகள் விழித்திருந்தன. ஆனால் அது ஒரு மலை. இடுக்கியில் எத்தனை மலை!

2018-ல் இடுக்கி அணையின் ஷட்டர்களை 26 வருடத்துக்குப் பிறகு திறந்தார்கள் என்பது தலைப்புச் செய்தி. அதே மழையில் பாலக்காட்டுப் பக்கம் நென்மாறை அருகே அளுவாசேரியில் ஆகஸ்ட் 16-ம் தேதி மலை இறங்கி வீடுகளை மூடியது. மேலே நெல்லியாம்பதிக்குப் போகும் ரோடு பல இடத்தில் அறுந்து, அங்கிருந்த தோட்டத் தொழிலாளர்கள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டார்கள். அரிசியும் மருந்தும் தலைச்சுமையாகப் போயின. நெல்லியாம்பதியும் மூணாறு மாதிரிதான். தமிழ் பேசும் லயம், ஒரே ஒரு ரோடு. மூணாறு பக்கத்தில் பெரியவரைப் பாலமும் அந்த மழையில்தான் போனது.

*

பெட்டிமுடி. இரவிகுளம் தேசியப் பூங்காவைத் தாண்டி, மூணாறிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த நான்கு லயம். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி அந்தப் பகுதியில் ஒரு நாளில் பெய்த மழை 600 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தது. ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் மேலே இருந்து மலை வந்தது. கொரோனாக் காலம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, எல்லாரும் வீட்டில்.

கரண்ட் இல்லை. செல்போன் சிக்னல் இல்லை. பிழைத்தவர்கள் சேற்றிலும் இருட்டிலும் நடந்து போய்த்தான் வெளியே சொல்ல முடிந்தது. வெளி உலகத்துக்குச் செய்தி தெரிந்தது மறுநாள் காலையில். 2018-ல் போன பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலமும் சேதமாகியிருந்ததால் ஆம்புலன்ஸ் போவதே பாடாக இருந்தது. 66 உடல்கள் கிடைத்தன, நான்கு பேர் கிடைக்கவே இல்லை. மொத்தம் 70. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். சில உடல்கள் ஆற்றோடு கிலோமீட்டர் கணக்கில் போயிருந்தன. குவி என்கிற நாய் தன்னோடு விளையாடிய குழந்தையை ஒரு வாரம் கழித்து ஆற்றில் கண்டுபிடித்துக் கொடுத்ததை நீங்களும் படித்திருப்பீர்கள்.

மறுநாள் சாயங்காலம் துபாயிலிருந்து வந்த விமானம் கோழிக்கோட்டில் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்தது. அதில் இறந்தவர்கள் குடும்பத்துக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் வந்தவர்களும் பிழைக்கப் போனவர்கள்தான், நம் மாதிரி. அவர்களுக்குக் கொடுத்தது கூடுதல் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவன் உயிருக்கும் மலையேறிப் பிழைக்கப் போனவன் உயிருக்கும் இடையில் ஒரு கணக்கு வித்தியாசம் அன்றைக்கு வெளியே தெரிந்தது. அப்போது கேரளத்திலேயே பலர் அதைக் கேட்டார்கள்.

இப்போது இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தோணியார் காலனி மலைக்குள் இருபது மீட்டர் ஆழத்தில் நீர் அழுத்தம் கொஞ்சம் ஏறினால் 300 கிலோமீட்டர் தள்ளிக் கொல்லத்தில் தெரியும். அதே தாலுகாவில் 70 பேர் மேல் மலை விழுந்தது, 25 கிலோமீட்டர் தள்ளி மூணாறுக்குத் தெரிய விடியவேண்டியிருந்தது. இதை நான் அமிர்தா குழுவைக் குறை சொல்லி எழுதவில்லை. ஒரு குழுவால் எல்லா மலையிலும் துளை போட முடியாது, அவர்கள் ஒரு மலையை ஒழுங்காகக் கேட்டார்கள். அங்கே கற்றதைப் பிறகு சிக்கிமில் காங்டாக் அருகேயும் செய்தார்கள். நான் கேட்பது, பெட்டிமுடிக்கு என்ன தேவைப்பட்டது என்று. 50 சென்சார் தேவைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மழையை அளந்த மழைமானி எஸ்டேட்டிலேயே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்டங்களில் தினமும் காலையில் மழை அளந்து நோட்டில் எழுதுவார்கள், உரம் போடவும் கொழுந்துக் கணக்குக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு "இன்றைக்கு ராத்திரி இந்த நான்கு லயத்தில் யாரும் படுக்கக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கும், போய்ப் படுக்க ஒரு இடமும், வெளியே கூப்பிட ஒரு வயர்லெஸ் செட்டும் இருந்திருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

எச்சரிக்கை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் உதாரணம் இருக்கிறது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தது. சொல்லியும் ஏன் யாரும் போகவில்லை என்று அப்போது டிவியில் கேட்டார்கள். எங்கே போவது? சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வேலையோடு ஒட்டிய வீடு, அது கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான்.

வயநாட்டில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. கல்பற்றாவில் ஹியூம் மையம் என்று ஒரு சின்ன ஆய்வு நிறுவனம். மாவட்டம் முழுக்க இருநூறுக்கு மேல் மழைமானிகள், பெரும்பாலும் விவசாயிகளும் ஊர்க்காரர்களும் தாங்களே பார்த்து எண்ணை அனுப்புகிறார்கள். முதுகலைப் பட்டம் வேண்டாம், காலையில் எழுந்து பார்த்தால் போதும். 2024 ஜூலை 29 காலையிலேயே, புத்துமலைப் பக்கம் கொட்டிய மழையைப் பார்த்து, ஆபத்து என்று மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி தாண்டி, 30-ம் தேதி அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் மலை இறங்கியது. ஏறக்குறைய முந்நூறு உயிர். கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்து அப்போது 11 நாள்தான் ஆகியிருந்தது.

அங்கே கணக்கு சரியாக இருந்தது. அளந்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள். ஆனாலும் எண்ணுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருந்தது.

2025 ஜனவரியில் கேரள அரசு 'கவசம்' என்ற பெயரில் மாநிலம் முழுக்கச் சைரன்களைத் தொடங்கி வைத்தது, தொண்ணூறுக்கு மேல். செல்போனில் நேரடியாக வரும் அறிவிப்பையும் 2023-லிருந்து இந்தியாவில் சோதித்துப் பார்த்தார்கள். நல்லது. ஆனால் என் மனசு சின்ன விஷயங்களில்தான் நிற்கிறது. உதாரணமாக, சொல். நிலச்சரிவுக்கு மலையாளத்தில் 'உருள்பொட்டல்'. மூணாறுத் தமிழர்களுக்கு அது புரியும், அங்கேயே பிறந்தவர்கள். ஆனால் செல்போனில் மலையாள எழுத்தில் வந்தால் தமிழ் மீடியத்தில் படித்த அறுபது வயது அம்மா படிப்பாரா? தமிழில் வெள்ளம் என்றால் பிரளயம், மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். எங்கள் அம்மா ஊர் போடியில் மலைச்சொந்தங்கள் "மண்ணு இறங்கிருச்சு" என்றுதான் சொல்வார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தரை எழுப்பி ஓட வைக்க எந்தச் சொல் வேண்டும் என்பதை லயத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

இன்னொன்று, சங்கு. தேயிலை ஃபாக்டரி இருக்கும் தோட்டங்களில் சங்கு ஊதினால் வேலைக்குப் போகவேண்டும் என்று மூன்று தலைமுறைக்குத் தெரியும். எந்த ஆப்பும் டவுன்லோட் செய்ய வேண்டாம். அதே சங்கு நேரம் கெட்ட நேரத்தில் விட்டு விட்டு ஊதினால் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று பழக்கினால்? அந்தப் பள்ளிக்கூடத்தில் கஞ்சிக்கு அரிசியும் போர்வையும் இருந்தால்? மறுநாள் மலை சரியவில்லை என்றாலும் அன்றைய கூலி உண்டு என்று கம்பெனியும் சங்கமும் கையெழுத்துப் போட்டிருந்தால்? இந்தக் கடைசிக் கேள்வியைச் சென்சார் ஆராய்ச்சியாக யாரும் நினைப்பதில்லை. 2009-ல் அந்தோணியார் காலனியில் சரியாத மலை கேட்டது இந்தக் கேள்வியைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பெட்டிமுடியில் வீடிழந்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. அந்த வீடுகள் அவர்கள் பெயரில் இருக்கின்றன. ரிட்டயர் ஆனாலும் காலி பண்ண வேண்டாம்.